ஆபீஸ் சைக்கிளுக்கு பெடல் மாற்றிய கதை

சென்னையில் மடிப்பாக்கத்தில் வீடு, தரமணியில் வேலை. கைவேலி, வேளச்சேரி, விஜயநகர் வழியாகப் போனால் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். மூன்று வருடமாகச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். இந்த மூன்று வருடத்தில் டயர் ஒரு முறை, செயின் இரண்டு முறை மாற்றினேன். பெடல் மட்டும் நான்காவது ஜோடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. சைக்கிளுக்காக வாங்கிய ஷூ, செருப்பு எல்லாம் சேர்த்தால் ஐந்து ஜோடி வரும். இப்போது இருக்கும் ஜோடியோடு ஒரு வருடம் நிம்மதியாகப் போய்விட்டது. இங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்று எழுதி வைத்தால், தினமும் வேலைக்குச் சைக்கிள் மிதிப்பவர் யாருக்காவது கொஞ்சம் பணமும் கொஞ்சம் ரத்தமும் மிச்சமாகும்.

சைக்கிள் சாதாரண ஹைப்ரிட் வகை. அலுமினிய கிராங்க் (பெடலைத் தாங்கிச் சுற்றும் கை), கூடவே வந்த கறுப்பு பிளாஸ்டிக் பெடல். முதல் வருடம் அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. காலில் ஓட்டப் பயிற்சிக்கான ஸ்போர்ட்ஸ் ஷூ. மெத்தென்று இருக்கும், சைக்கிளுக்கும் அதுதான் சரி என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் மாத மழை நாள் ஒன்றில், கைவேலி சிக்னல் பச்சைக்கு மாறியதும் எழுந்து நின்று வலது பெடலை ஓங்கி மிதித்தேன். கால் வழுக்கி முன்னால் போனது. பெடல் ஒரு சுற்று சுற்றி வந்து கணுக்காலுக்கு மேலே எலும்பில் அடித்தது. பின்னால் ஒரு மாநகரப் பேருந்து. ஓட்டுநர் பொறுமையாக நின்றார், நான் ஓரம் கட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஒரு நொடி அடிவயிற்றில் ஏற்பட்ட பயம் இரண்டு நாளைக்குப் போகவில்லை.

அன்று ராத்திரி டார்ச் அடித்து பெடலையும் ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெடலின் ஓரத்தில் இருந்த பல்வரிசை தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஷூவைத் திருப்பிப் பார்த்ததில்தான் விஷயம் பிடிபட்டது. ஓடுவதற்கான ஷூவில் அடிப்பக்கம் முழுக்க ரப்பர் இருப்பதில்லை. எடை குறைவதற்காகக் குதிகாலிலும் முன் நுனியிலும் மட்டும் ரப்பர் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள், நடுவில் வெறும் நுரை. என் பெடல் உட்கார்ந்த இடம் சரியாக அந்த நுரைதான். ஒரு வருட மிதியில் குறுக்கே விரல் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் ஈரக்கையை வைத்துத் தேய்த்தால் சோப்பு மாதிரி வழுக்கியது. அதாவது குறை பெடலில் பாதி, ஷூவில் பாதி. பெடலை மட்டும் மாற்றியிருந்தாலும் அந்த நுரை வழுக்கத்தான் செய்திருக்கும்.

அப்பாவின் சைக்கிள் ஞாபகம் வந்தது. கறுப்பு ஹெர்குலிஸ், நான் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட வண்டி. அதன் பெடல் இரும்புச் சட்டத்தில் இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை கோத்தது. அப்பா ரப்பர் செருப்பிலேயே அதை முப்பது வருடம் மிதித்தார். ரப்பர் மேல் ரப்பர், காய்ந்த நாளில் இதைவிட நல்ல பிடிப்பு வேறு இல்லை. வேகமும் குறைவு, நிதானமாக உட்கார்ந்து மிதிக்கிற வண்டி. அந்தக் காலத்தில் பெடலும் காலணியும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருந்தன. யாரும் தனியாக யோசித்துப் பொருத்த வேண்டியிருக்கவில்லை.

சரி, பெடலைக் கழற்றலாம் என்று உட்கார்ந்தேன். 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். வலது பெடல் சுலபமாக வந்துவிட்டது. இடது அசையவில்லை. ஸ்பேனரில் குழாயை மாட்டி அழுத்தியும் அசையவில்லை. மறுநாள் தெருமுனை சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் திருகுனீங்க தம்பி?" என்று கேட்டார். காட்டினேன். "அது இடது மரை. நீங்க இன்னும் இறுக்கியிருக்கீங்க" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன். "ரெண்டு பெடலும் ஒண்ணுதான். ஸ்பேனர் மேல் பக்கம் இருக்கும்போது முன்சக்கரத்தைப் பார்த்துத் தள்ளினா இறுகும், பின்சக்கரத்தைப் பார்த்து இழுத்தா கழலும். வலம் இடம்னு யோசிச்சாதான் குழப்பம்." கிராங்கின் உள்பக்கத்திலிருந்து ஆலன் கீ (அறுகோணச் சாவி) போட்டுத் திருகும் பெடல்களுக்கும் இதே விதிதான். பெடல் அச்சின் முனையில் எல், ஆர் என்று பொறித்திருப்பார்கள், மாட்டும் முன் அதையும் பார்த்துவிட வேண்டும்.

இடது பக்கத்துக்கு மட்டும் ஏன் எதிர் மரை என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. பெடல் அச்சு கிராங்க் துளைக்குள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மயிரிழை இடைவெளி இருக்கும். நாம் எப்போதும் கீழ் நோக்கி மிதிக்கிறோம், கிராங்க் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே அந்த அழுத்தம் துளையின் விளிம்பில் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு வளையலுக்குள் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, உள் விளிம்பை ஒட்டியே உருட்டிப் பாருங்கள். நாணயம் வளையலை வலமாகச் சுற்றி வரும்போது, அது தனக்குள் இடமாகச் சுழலும். பெடல் அச்சிலும் இதுதான் நடக்கிறது. இடது பெடலுக்குச் சாதாரண மரை இருந்தால் மிதிக்க மிதிக்கத் தானாகவே கழன்றுவிடும். எதிர் மரை போட்டதால் மிதிக்கிற மிதியே அதைக் கழலவிடாமல் வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கான சைக்கிள்களில் பெரும்பாலும் இந்த மரை 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. ஒரே இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கிராங்க் உள்ள வண்டிகளுக்கு மட்டும் 1/2 அங்குலம். வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அண்ணன் மண்ணெண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, நீள ஸ்பேனர் போட்டு இழுத்ததில் பெடல் வந்தது. கூடவே கிராங்க் துளையிலிருந்து அலுமினியச் சுருள் ஒன்றும் வந்தது. மரை போய்விட்டது. சைக்கிளின் பாகங்களை முதன்முதலில் சேர்த்துப் பூட்டிய இடத்தில் பெடலைக் கோணலாக ஏற்றி, ஸ்பேனரால் முறுக்கி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். கிரீஸ் ஒரு துளிகூட வைக்கவில்லை. ஒரு வருடமாக இடது பெடலில் ஏதோ ஆட்டம் இருந்ததும், சாயங்காலத்தில் இடது முழங்கால் லேசாக வலித்ததும் இதனால்தான் என்று அப்போது புரிந்தது. பெடல் கோணலாக நின்றால் பாதமும் ஒவ்வொரு மிதிக்கும் கோணலாகத்தான் இறங்கும்.

இடது கிராங்க் மட்டும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. பழைய கிராங்கின் உள்பக்கத்தில் 170 என்று பொறித்திருந்தது, அது மில்லிமீட்டரில் அதன் நீளம். அதே நீளம்தான் வாங்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு காலும் வெவ்வேறு வட்டத்தில் சுற்றும். பாரிமுனைப் பக்கம் ரத்தன் பஜாரில் கிடைத்தது. கழற்றுவதற்குக் கிராங்க் புல்லர் வேண்டும். அந்தக் கருவியின் மரையைக் கிராங்குக்குள் கடைசி வரை ஏற்றிய பிறகுதான் நடுத் திருகை முறுக்க வேண்டும். பாதியில் முறுக்கினால் கிராங்கின் அந்த மரையும் பிய்ந்து வந்துவிடும். அண்ணனின் கடையில் அவர் மேற்பார்வையில் நானே செய்தேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்தப் பெடலானாலும் மரையைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, முதல் நான்கைந்து சுற்றை விரலால் மட்டுமே ஏற்றுவேன். விரலால் ஏறவில்லை என்றால் கோணல் என்று அர்த்தம், கழற்றி மறுபடி ஆரம்பிப்பேன். ஸ்பேனர் கடைசியில்தான். இரும்பு அச்சு, அலுமினியக் கிராங்க், கடற்காற்று வீசும் ஊர். கிரீஸ் இல்லையென்றால் இரண்டும் ஒட்டிக்கொண்டு பிறகு பிரியவே பிரியாது.

சரி, எந்தப் பெடல் போடுவது? ஆபீஸ் நண்பர் ஒருவர் கிளிப்லெஸ் பெடலும் அதற்கான ஷூவும் பாதி விலைக்குக் கொடுத்தார். என் அளவுதான். கிளிப்லெஸ் என்ற பெயர் பலரைக் குழப்பும், ஏனென்றால் இதில்தான் ஷூ பெடலோடு மாட்டிக்கொள்கிறது. பழைய பந்தய சைக்கிள்களில் கால் நுனியைப் பிடிக்கும் கூண்டும் வாரும் இருந்தன, அதுதான் டோ கிளிப். அது இல்லாமல் மாட்டுவதால் கிளிப்லெஸ். பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிணைக்கும் கருவிகளைச் செய்துவந்த பிரெஞ்சு நிறுவனமான லுக், 1984-இல் அதே யோசனையை சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறு வருடம் பிரெஞ்சு சைக்கிள் வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் எஸ்.பி.டி. வகை கிளிப்லெஸ் பெடல் 1990-இல் வந்தது. அதில் கிளீட் என்னும் இரும்புத் துண்டு சின்னதாக ஷூவின் அடிக்குழிக்குள் புதைந்திருப்பதால் இறங்கி நடக்கவும் முடியும். வேலைக்குப் போகிறவர் கிளிப்லெஸ் வாங்குவதென்றால் இரண்டு திருகுள்ள இந்த வகைதான் வாங்க வேண்டும். மூன்று திருகு போட்ட பந்தய வகையில் கிளீட் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், ஆபீஸ் படிக்கட்டில் அதோடு இறங்குவது ஆபத்து.

எனக்குக் கிடைத்தது ஒரு பக்கம் எஸ்.பி.டி., மறுபக்கம் தட்டை. மூன்று மாதம் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்வந்தபோது உண்மையிலேயே பிடித்திருந்தது. கால் இடம் மாறாது, மேடுபள்ளத்தில் துள்ளாது, நீள மிதிக்கு ஒரு ஒழுங்கு வந்துவிடும். திங்கள்கிழமை காலை கதை வேறு.

ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். வீட்டிலிருந்து ஆபீஸ் வரை 19 முறை காலைத் தரையில் ஊன்றினேன், திரும்பி வரும்போது 23 முறை. சிக்னல் ஐந்தாறுதான். மீதியெல்லாம் ஷேர் ஆட்டோ நிற்பது, பள்ளிக் குழந்தைகள் கடப்பது, மாடு, தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுப்பது. ஒவ்வொரு முறையும் குதிகாலை வெளியே திருப்பிக் கழற்ற வேண்டும். கிளம்பும்போது பெடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். அந்த அரை நொடி கண் சாலையில் இருக்காது, எனக்கு அதுதான் பெரிய குறையாகப் பட்டது. விஜயநகர் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு சாயங்காலம் முன்னால் போன ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றது. வலது காலைக் கழற்றிவிட்டேன், வண்டி இடது பக்கம் சாய்ந்துவிட்டது. இடது கால் மாட்டியபடியே இருந்தது. இடுப்பும் முழங்கையும் தரையில். ஹெல்மெட் இருந்தது, பின்னால் வந்த இருசக்கர வண்டிக்காரர் பிரேக் போட்டார், தூக்கியும் விட்டார்.

அதன் பிறகு பெடலின் பிடியை 3 மில்லிமீட்டர் ஆலன் கீயால் கடைசி வரை தளர்த்தினேன். கிளீட்டையும் மாற்றினேன். எஸ்ஹெச்51 என்பது பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் கழலும், எஸ்ஹெச்56 பல திசைகளில் இழுத்தாலும் கழலும். புதிதாகப் பழகுபவருக்கு 56-தான் சரி. நிலைமை மேம்பட்டது. ஆனால் டிசம்பர் தண்ணீரில் கிளீட் திருகுகள் துருப்பிடித்தன, சேறு அடைத்து மாட்டவே மறுத்தது. ஏழு கிலோமீட்டருக்கு இவ்வளவு தேவையா என்று தோன்றியது.

கிளிப்லெஸ் போட்டால் காலை மேலே இழுத்தும் சக்தி கொடுக்கலாம், களைப்பு குறையும் என்பது பரவலான நம்பிக்கை. நானும் அதை நம்பித்தான் வாங்கினேன். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் சைக்கிள் வீரர்களை அப்படி மேலே இழுத்து மிதிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கிராங்கில் விசை சீராகப் பரவியது உண்மை. ஆனால் உடல் செலவழித்த ஆற்றலுக்குக் கிடைத்த வேலை குறைந்துவிட்டது. சாதாரண வேகத்தில் கீழே மிதிப்பதுதான் உடம்புக்கு மலிவு. மற்ற கால் ஏறும்போது அதன் பாரத்தைப் பெடல் மேல் சுமத்தாமல் இருந்தால் போதும். கிளிப்லெஸ்ஸின் உண்மையான லாபம் கால் நழுவாமல் இருப்பது. அந்த லாபத்தைத் தட்டைப் பெடலிலும் நல்ல அடியுள்ள ஷூவிலும் பெற முடியுமென்றால் நகரத்துக்கு அதுவே மேல்.

அடுத்தது அலுமினியத் தட்டைப் பெடல். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அகலம், ஒரு பக்கத்துக்குப் பத்து இரும்பு முள் வீதம் இரண்டு பக்கமும் முள். பிடிப்பு அபாரம். மழையில்கூட காலைத் தூக்கினால்தான் நகரும். எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் ஒன்றே, குனிந்து பார்க்கும் வேலை போயிற்று.

ஆனால் இறங்கித் தள்ளும்போது, நெரிசலில் காலை ஊன்றி ஊன்றி நகரும்போது, முள் கணுக்காலையும் முன்னங்காலையும் கிழித்துக்கொண்டே இருந்தது. காயம் சின்னதுதான். வெயில் காலம் என்றால் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் வேளச்சேரியில் மழைக்காலத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளியவர்களுக்குத் தெரியும், அது மழைத்தண்ணீர் மட்டும் இல்லை. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து தோலில் உள்ள கீறல் வழியாக உடம்புக்குள் போகும். காலில் புதுக் கீறலோடு அந்தத் தண்ணீரில் இறங்குவதை நினைத்தால் எனக்குப் பதறும். மலைப்பாதையில் ஓட்டுபவருக்கு இருபது முள் தேவைப்படலாம். தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறும் ஊரில் ஆபீஸ் போகிறவருக்கு அது வேண்டாம். வாங்குபவர்கள் இதை மறக்காமல் யோசிக்க வேண்டும் என்று மனசாரச் சொல்கிறேன்.

முள் எல்லாம் சின்னச் சின்னத் திருகுகள்தான். 2 மில்லிமீட்டர் ஆலன் கீயால் பக்கத்துக்கு நான்கைக் கழற்றினேன், காலுக்கு வெளிப்பக்கம் வரும் ஓரத்தில் இருந்தவை. மீதியை அரைச் சுற்று உள்ளே இறக்கினேன். பிடிப்பு கொஞ்சம் குறைந்தது, கீறல் நிறையவே குறைந்தது. இந்த ஜோடி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளுக்கு.

நான்காவதாக வந்ததுதான் இப்போது தினமும் ஓடுவது. நைலான் உடல், அகலமானது, அதே நைலானிலேயே வார்த்த குட்டைக் குமிழ்கள், ஓரத்தில் மட்டும் இரண்டிரண்டு இரும்பு முள். எலும்பில் பட்டாலும் வெட்டாது. முன்னாலும் பின்னாலும் மஞ்சள் ரிஃப்ளெக்டர் மாட்ட இடம் இருக்கிறது. அது எனக்கு முக்கியம். பின்னால் வருபவர் கண்ணுக்கு, ஒரே இடத்தில் நிற்கும் சிவப்புப் புள்ளியைவிட மேலும் கீழும் ஏறி இறங்கும் இரண்டு மஞ்சள் புள்ளிகள் உடனே "சைக்கிள், மனிதன்" என்று சொல்லிவிடும். அலுமினியப் பெடலில் அந்த இடம் இல்லாததால் கிராங்கில் ஒளிரும் டேப் ஒட்டியிருக்கிறேன்.

இனி ஷூ. இந்தப் பெடலோடு நான் சேர்த்தது தட்டையான ரப்பர் அடி உள்ள கான்வாஸ் ஷூ. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடுக்குப் போட்ட வெள்ளை கான்வாஸின் தடித்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அடி முழுக்க ஒரே ரப்பர், நுனியிலிருந்து குதிகால் வரை சமதளம். இந்த வகையில் முள்ளும் குமிழும் எங்கே பட்டாலும் பிடிக்கும். ஆழமான பள்ளமும் கட்டையும் உள்ள மலையேற்ற ஷூவில் பிடிப்பு கூடும் என்று தோன்றும், ஆனால் கட்டைகளுக்கு நடுவே முள் காற்றில் நிற்கும், பாதி இடத்தில் பெடலைத் தொடவே தொடாது. ஆபீஸ் லெதர் ஷூவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அடி வழவழப்பு, மழை பட்டால் தோலும் போச்சு. அதை மேஜைக்குக் கீழே நிரந்தரமாக வைத்துவிட்டேன். ஆபீஸ் போனதும் மாற்றிக்கொள்வேன்.

கடையில் ஷூவைச் சோதிக்க எனக்கு ஒரு வழி உண்டு. படிக்கட்டின் விளிம்பில், பெருவிரலுக்குப் பின்னால் உள்ள சதைப்பகுதி படும்படி ஒரு காலில் நின்று பார்ப்பேன். அந்த இடம்தான் பெடல் அச்சுக்கு மேலே வரும். பத்து நொடியில் விளிம்பு பாதத்தில் உறுத்தினால் அடி மெல்லியது, அரை மணி நேர மிதிக்குத் தாங்காது. பாதம் விளிம்பைச் சுற்றி வளைந்து தொங்கினால் அடி தளர்வானது. விளிம்பு இருப்பது தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. இதைக் காலையில் செய்யாமல் சாயங்காலம் செய்வது நல்லது. நம்மூர் வெயிலில் பகல் முழுக்க நடந்த பிறகு பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், அந்த அளவுக்குத்தான் ஷூ வேண்டும். முன்னால் விரல் அசைய இடம், குதிகாலில் இறுக்கம்.

கயிற்றின் நுனியை ஷூவின் நாக்குக்கு அடியில் செருகிவிட வேண்டும். வலது ஷூவின் கயிறு தொங்கினால் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே போய்ச் சுற்றிக்கொள்ளும், கால் கிராங்கோடு சேர்ந்து கட்டுப்பட்டுவிடும். பேண்ட்டின் வலது ஓரத்துக்கு அப்பா காலத்து எஃகுக் கிளிப் இன்னமும் கிடைக்கிறது, அதைத்தான் நானும் போடுகிறேன்.

எதிர்பார்க்காத ஒன்று, சீட் உயரம். நுரை ஷூவின் அடி தடிமன், கான்வாஸ் மெல்லியது. பெடலும் பழையதைவிடச் சன்னம். இரண்டும் சேர்ந்து பாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கீழே போய்விட்டது. முதல் வாரம் கால் எட்டாத மாதிரி இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மிதித்துக்கொண்டிருந்தேன். சீட்டை ஒரு சென்டிமீட்டர் இறக்கியதும் சரியாகிவிட்டது. பெடலோ ஷூவோ மாற்றினால் சீட்டையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

கான்வாஸின் குறை மழை. காலையில் நனைந்தால் சாயங்காலம் வரை காயாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஃப்ளோட்டர்ஸ் போடுகிறேன், குதிகாலில் வார் உள்ளது, அடி ஓரளவு தட்டையானது. தண்ணீர் வந்த வழியே போய்விடும், ஆபீஸ் குழாயில் காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தால் வேலை முடிந்தது. வார் இல்லாத செருப்பு கூடவே கூடாது. காலைத் தூக்கும் வேகத்தில் செருப்பு பின்னால் கழன்று தொங்கும், அடுத்த மிதி வெறும் முள்ளில் விழும். காலில் கீறல் இருக்கிற வாரத்தில் மட்டும் ஃப்ளோட்டர்ஸை விட்டுவிட்டு முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், அல்லது பேருந்து. கான்வாஸ் நனைந்துவிட்டால் உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாளை மாற்றினால் ராத்திரிக்குள் உலர்ந்துவிடும்.

என் மனைவி பக்கத்து மார்க்கெட்டுக்கும் பாப்பாவின் ஸ்கூலுக்கும் சைக்கிளில் போய்வருகிறாள். "உங்க முள் பெடலை என் வண்டிக்குக் கொண்டு வராதீங்க, நான் செருப்புலதான் போவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரி. ஒரு கிலோமீட்டர், மெதுவான மிதி, சுடிதார், செருப்பு. அதற்கு அப்பாவின் ஹெர்குலிஸில் இருந்த மாதிரி ரப்பர் பட்டை வைத்த அகலப் பெடல்தான் பொருந்தும். அதையே வாங்கி மாட்டினேன். செருப்புக்குப் பின்வார் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். என் வண்டிக்கு எது நல்லது என்பதை வைத்து அவள் வண்டிக்கு முடிவெடுத்திருந்தால் தவறாகப் போயிருக்கும்.

போன மழைக்காலம் முடிந்ததும் நைலான் பெடலின் இடதைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். நன்றாக இருக்கும் பெடல் சத்தமில்லாமல் சுற்றி நிற்கும். இது விரல் நுனியில் மணல் அரைபடுகிற மாதிரி உணர்த்தியது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, தரையில் பழைய வெள்ளைத் துண்டை விரித்து உட்கார்ந்தேன். துண்டு வெள்ளையாக இருக்க வேண்டும், பால்ரஸ் குண்டு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும்.

வெளிப்பக்க மூடியை நெம்பி எடுத்தால் உள்ளே ஒரு லாக் நட், அதற்குக் கீழே நாக்கு வைத்த வாஷர், அதற்குக் கீழே குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டான கோன். மூன்றையும் எடுத்துவிட்டு அச்சை மெதுவாக இழுத்தேன். காபிப் பொடி நிறத்தில் குழம்பு வந்தது. கிரீஸ், தண்ணீர், துரு மூன்றும் சேர்ந்தது. குண்டுகளை எண்ணினேன், வெளிப்பக்கம் 11, உள்பக்கம் 12. மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால் நான்கு குண்டுகளில் பளபளப்பு போய்ப் புள்ளி விழுந்திருந்தது. ஒன்று கெட்டாலும் எல்லாவற்றையும் மாற்றுவதுதான் முறை, புதுக் குண்டும் தேய்ந்த குண்டும் அளவில் ஒத்துப்போகாது. ஒரு குண்டைத் தாளில் மடித்து அண்ணன் கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் 23 வாங்கிவந்தேன். கை நிறைய சில்லறைகூட ஆகவில்லை.

பெடலுக்குள் குண்டுகள் உட்காரும் கிண்ணத்தில் தாராளமாகக் கிரீஸ் வைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் பதித்தேன். கிரீஸே பிடித்துக்கொள்ளும், கீழே விழாது. அச்சைச் செருகி, கோனைக் கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று பின்னால் விட்டு, வாஷர் போட்டு லாக் நட்டை இறுக்கினேன். முதல் தடவை சுற்றவே கஷ்டப்பட்டது. லாக் நட் இறுகும்போது கோனையும் கொஞ்சம் தள்ளிவிடும். மூன்றாவது தடவையில் சரியாக வந்தது, அசைத்தால் ஆட்டம் இல்லை, சுற்றினால் தடை இல்லை. கடைசியாக மூடிக்குள்ளும் ஒரு விரல் கிரீஸ், தண்ணீர் உள்ளே போகும் வழியில் அதுதான் காவல். வலது பெடலையும் திறந்தேன், அதில் பாதிகூட அழுக்கு இல்லை. நான் நிற்கும்போதெல்லாம் இடது பக்கம்தான் சாய்ந்து ஊன்றுகிறேன், சாலையோரத் தண்ணீர் அந்தப் பக்கம்தான்.

இரண்டையும் மாட்டி, அண்ணன் சொன்ன மாதிரி முன்சக்கரத்தைப் பார்த்து இறுக்கி, தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன். இடது பெடல் இன்னும் ஒரு நூல் இறுகியது. மீதி இருந்த கிரீஸை மனைவியின் பெடல் மரைக்குத் தடவினேன். அடுத்த முறை செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன்னாலேயே திறக்க வேண்டும் என்று காலண்டரில் குறித்திருக்கிறேன்.